அப்பாவுக்கு ஒரு வயசு

கடையைப் பூட்டி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கடைசியா எழுதினது ஜெர்மன் உருளைக்கிழங்கை வெச்சு சாம்பார் பண்றது எப்படிங்கற உலகப்புகழ் பெற்ற பதிவு. அதுக்கப்புறம் ஆளைக் காணோம்னா காரணம் ஒண்ணே ஒண்ணுதான். எடை மூணு கிலோ இருநூறு கிராம். 2024 நவம்பர் 9, சனிக்கிழமை விடிகாலை, கெம்னிட்ஸ்ல பொறந்தா எங்க இளவரசி. போன வாரம் அவளுக்கு ஒரு வயசு முடிஞ்சுது. எனக்கும் அப்பாவா ஒரு வயசு. மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே குழந்தை பெத்துக்கற தைரியசாலிகள் யாராச்சும் இருந்தா உபயோகப்படட்டுமேன்னு கொஞ்சம் எழுதி வைக்கறேன். மத்தவங்க சிரிச்சுட்டுப் போங்க :-)

முதல் பாடம், கணக்குப் பாடம். ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு ஷெங்கன் விசாவுல 90 நாள்தான். அந்த 90 நாள் விமானம் இறங்கின அன்னிக்கே ஓட ஆரம்பிச்சுடும். நாங்க என்ன பண்ணினோம்? டாக்டர் சொன்ன தேதி நவம்பர் 2. "முன்கூட்டியே இருந்தா நல்லது"ன்னு அத்தையை (தங்கமணியோட அம்மா) அக்டோபர் 18-ந்தேதியே வரவழைச்சாச்சு. மேடம் ஒரு வாரம் லேட். ஆக மூணு வாரம் அத்தை சும்மா உக்காந்து ஜன்னல் வழியா டிராம் எண்ணிக்கிட்டு இருந்தாங்க. அந்த மூணு வாரம் ஜனவரியில இருந்திருந்தா எவ்வளவோ மாறியிருக்கும். அதுக்கு அப்புறம் வரேன். தலைச்சன் குழந்தை தேதிக்கு வர்றது அபூர்வம். டிக்கெட்டை லேட்டாவே போடுங்க.

காசு விஷயத்துல இந்த ஊரைக் குறை சொல்ல முடியாது. மாணவர் இன்ஷூரன்ஸ் நான் ஒருத்தன்தான் கட்டறேன், தங்கமணியும் குழந்தையும் அதுலயே குடும்பமா சேர்ந்துக்கிட்டாங்க. பிரசவத்துக்குன்னு கைக்காசு ஒரு செண்ட் போகலை. அதை விடப் பெரிய சமாச்சாரம் ஹெபாமெ. நம்ம ஊர்ல அந்தக் காலத்துல வீட்டுக்கே வருவாங்களே மருத்துவச்சி, அதே மாதிரி, ஆனா மூணு வருஷத்துக்கு மேல முறையாப் படிச்சுட்டு வர்றவங்க. முதல் பத்து நாள் கிட்டத்தட்ட தினமும், அப்புறம் 12 வாரம் வரைக்கும் அப்பப்ப வீட்டுக்கு வருவாங்க. தொப்புள் கொடி பாப்பாங்க, குழந்தையை ஒரு துணித்தூளியில போட்டு கைத்தராசுல தொங்கவிட்டு எடை பாப்பாங்க (பொள்ளாச்சி சந்தை ஞாபகம் வந்துச்சு), பால் குடுக்கறது சரியா இருக்கான்னு பாப்பாங்க. இதுக்கும் இன்ஷூரன்ஸ்தான் பணம் குடுக்கும். ஒரே சிக்கல், ஆள் கிடைக்கறது கஷ்டம். மூணாவது மாசமே தேட ஆரம்பிச்சுடணும். நான் ஆறாவது மாசம் ஆரம்பிச்சு முப்பது பேருக்கு மேல போன் பண்ணேன், என் உடைஞ்ச ஜெர்மன்ல.

வந்தவங்களுக்கு வயசு அறுபது இருக்கும். சைக்கிள்ல வருவாங்க. அவங்களுக்கும் அத்தைக்கும் நடுவுல நடந்த பனிப்போரை மட்டும் தனிப் பதிவா போடலாம். அத்தை தரையில உக்காந்து காலை நீட்டி, கால் மேல குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுவாங்க. இவங்க 37 டிகிரின்னு தெர்மாமீட்டர் வெச்சு ஒரு வாளியில இறக்குவாங்க. ஒரு நாள் அத்தை குளிப்பாட்டறதை நின்னு பார்த்தாங்க. ஒண்ணுமே சொல்லலை. கடைசியில "நல்ல பிடிமானம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அத்தைக்கு நான் மொழிபெயர்த்ததும் மூஞ்சில ஆயிரம் வாட்ஸ். அன்னிலேர்ந்து அவங்களுக்குத் தினமும் ஃபில்டர் காபி.

ஆனா சில விஷயத்துல அந்தம்மா இரும்பு. சேனை வைக்கறேன்னு அத்தை கொண்டு வந்த தேன் பாட்டிலைத் தூக்கி மேல் அலமாரியில வெச்சுட்டாங்க. ஒரு வயசு வரைக்கும் தேன் ஒரு சொட்டு கூட கூடாது, அதுல இருக்கற ஒரு கிருமியோட விதை பிஞ்சுக் குடல்ல முளைச்சு விஷமாகும், குழந்தைக்கு உடம்பே துவண்டு போயிடும்னாங்க. அதே மாதிரி தலையணை, போர்வை எதுவும் கிடையாது, மல்லாக்கத்தான் படுக்கப் போடணும், ஒரு தூங்கற பைக்குள்ள விட்டு ஜிப் போட்டுடணும். ரூம் 18 டிகிரிக்கு மேல வேணாம். அத்தையோ ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், மேல ஒரு கம்பளி. "பச்சப் புள்ளைங்க மாப்ள, குளிரு தாங்குமுங்களா?" நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறேன். அவங்க இந்தப் பக்கம் போனதும் குல்லாவைக் கழட்டுவேன், அத்தை வந்ததும் குல்லா தலையில இருக்கும். வேடிக்கை என்னன்னா, அதே குல்லா இல்லாம டிராம்ல போனா முன்ன பின்ன தெரியாத ஜெர்மன் பாட்டி எல்லாம் "குல்லா எங்கே?"ன்னு என்னைத் திட்டுவாங்க. வீட்டுக்குள்ள கூடாது, வெளியில கட்டாயம். இது புரியவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

சாம்பிராணி கதையைச் சொல்லாம விட முடியாது. பதினோராவது நாள் தலைக்கு ஊத்திட்டு அத்தை சாம்பிராணி போட்டாங்க. கூரையில இருக்கற புகை அலாரம் அலறிச்சு பாருங்க, மொத்த மாடிப்படியும் கதவைத் திறந்துடுச்சு. நான் நாற்காலி மேல ஏறி நின்னு துண்டால விசிறறேன், இளவரசி வீல்னு கத்தறா, கீழ் வீட்டுத் தாத்தா பைஜாமாவோட வாசல்ல நிக்கறார். புகை குழந்தை நுரையீரலுக்கு ஆகாதுங்கறது அப்புறம் தெரிஞ்ச விஷயம். அதோட சாம்பிராணி டப்பா தேன் பாட்டில் பக்கத்துல போய் உக்காந்துக்கிச்சு.

அத்தை ஜெயிச்ச இடமும் உண்டு. டிசம்பர் 24 மதியம் 2 மணிக்கு இங்க கடையெல்லாம் மூடினா மறுபடி 27 காலையிலதான். நான் டயபர் எண்ணாம விட்டுட்டேன். 25 சாயங்காலம் கையிருப்பு ரெண்டு. வேர்த்துப் போய் நிக்கறேன். அத்தை சத்தமே இல்லாம பெட்டியைத் திறந்து, மாமாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்சு வெச்சிருந்த துணிக்கட்டை எடுத்துப் போட்டாங்க. ரெண்டு நாள் அதுலதான் ஓடிச்சு. பாரம்பரியம் வாழ்க.

பேர் விஷயம் ஒரு வரியில: என் பேருக்குப் பின்னாடி எங்கப்பா பேர், குழந்தை பேருக்குப் பின்னாடி என் பேர், தங்கமணிக்கு அவங்கப்பா பேர். ஒரே வீட்ல மூணு பேருக்கு மூணு குடும்பப் பேர். பிறப்புப் பதிவு பண்ற அம்மாவுக்கு இதை விளக்கி முடிக்கறதுக்குள்ள என் ஜெர்மன் ரெண்டு லெவல் ஏறிடுச்சு.

சரி, இப்ப ஜனவரிக்கு வரேன். இதுக்குக் கீழ இருக்கறதைத் தங்கமணி படிச்சு, ரெண்டு இடத்துல திருத்தி, "போடு மாமா"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் போடறேன்.

ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், அத்தைக்கு 90-வது நாள். ஏத்தி விட்டுட்டு வந்தேன். 18-ந்தேதி ஊர்ல பெரிய விழா. 2025-க்கு ஐரோப்பாவோட கலாச்சாரத் தலைநகரம் எங்க கெம்னிட்ஸ், அதோட தொடக்க நாள். ஊரே தெருவுல இருந்துச்சு. எங்க வீடு மட்டும் கப்சிப். குளிர், நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. எனக்குப் பிப்ரவரி 12 பரீட்சை, மெஷின் டைனமிக்ஸ், ஏற்கனவே ஒரு தடவை ஊத்திக்கிட்டது. காலையில ஒன்பதுக்கு நூலகம் போனா ராத்திரி ஏழு. வந்ததும் இளவரசியைக் கையில வாங்கிப்பேன், ரெண்டு டயபர் மாத்துவேன், ராத்திரி ஒரு பாட்டில் குடுப்பேன். ஆஹா, நான் எப்பேர்ப்பட்ட அப்பான்னு எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டு இருந்தேன்.

தங்கமணி பேச்சு குறைஞ்சுது. கவனிச்சேன். அம்மா போன ஏக்கம்னு நெனச்சேன். குழந்தை தூங்கினாலும் அவ தூங்கலை, கூரையைப் பார்த்துக்கிட்டே படுத்திருப்பா. கவனிச்சேன். அலுப்புன்னு நெனச்சேன். ஒரு நாள் வந்து பார்க்கறேன், நான் காலையில வெச்சுட்டுப் போன தோசை அப்படியே இருக்கு, குழந்தை தொட்டில்ல அழுதுக்கிட்டிருக்கு, இவ பக்கத்துல உக்காந்திருக்கா, தூக்கலை. "ஏன் தூக்கலை?"ன்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். "நான் தூக்கினா சரியா வராது மாமா"ன்னா. அதுக்கும் நான் அர்த்தம் தேடலை. பரீட்சைக்கு இன்னும் பதினஞ்சு நாள்னு மனசு கணக்குப் போட்டுக்கிட்டிருந்துது.

ஜனவரி 30, ஹெபாமெ வர்ற கடைசி நாள். குழந்தையைத் தூக்கி எடை பார்த்து, எல்லாம் அருமைன்னு எழுதிட்டு, பையை மூடப்போன அம்மா தங்கமணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் பையிலேர்ந்து ஒரு தாளை எடுத்தாங்க. பத்து கேள்வி. குழந்தை பெத்த எல்லாப் பொண்ணுங்க கிட்டயும் கேக்கறதுதான்னாங்க. அவங்களுக்கு ஆங்கிலம் வராது, தங்கமணிக்கு ஜெர்மன் வராது. நான்தான் நடுவுல. ஒவ்வொரு கேள்வியா தமிழ்ல சொல்றேன், அவ பதிலை ஜெர்மன்ல திருப்பறேன். சிரிக்க முடியுதா, காரணமில்லாம பயம் வருதா, அழுகை வருதா, இந்த மாதிரி. அஞ்சாவது ஆறாவது கேள்வியிலயே என் குரல் மாறிடுச்சு. பத்தாவது கேள்வி, தன்னைத்தானே ஏதாச்சும் பண்ணிக்கணும்னு தோணுதாங்கறது. கேட்டேன். அவ சுவத்தைப் பார்த்துக்கிட்டே "எப்பவாச்சும்"னா.

அந்த ஒரு வார்த்தைக்கு ஜெர்மன்ல ரொம்பச் சாதாரண வார்த்தை உண்டு. முதல் செமஸ்டர்லயே படிச்சது. வாய்ல வரலை. நான் மொழிபெயர்க்கலை, ஆனா அந்தம்மாவுக்குத் தேவைப்படலை. பேனாவை வெச்சுட்டு எழுந்து வந்து தங்கமணி பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அங்கேயே உக்காந்து போன் போட்டு, அன்னிக்குச் சாயங்காலத்துக்கே டாக்டர்கிட்ட நேரம் வாங்கினாங்க. கிளம்பறப்ப என்னை வாசல்ல நிறுத்தி, "இனிமே இந்தக் கேள்வியை நீ மொழிபெயர்க்கக் கூடாது, வேற ஆளை வெச்சுக்கோ. நீ புருஷன்"னாங்க. அதோட இன்னொண்ணும் சொன்னாங்க: குழந்தை பொறந்த முதல் ரெண்டு வாரத்துல வர்ற அழுகை தானா போயிடும், அதுக்கு மேல நீடிச்சா அது வியாதி, அதுக்கு வைத்தியம் உண்டு, இன்னிக்கு ராத்திரி இவளைத் தனியா விடாதே.

சுருக்கமாச் சொல்றேன். பேச்சு வைத்தியம், அதோட மாத்திரை. பால் குடுக்கறவங்களும் சாப்பிடக்கூடிய மாத்திரை இருக்கு, அதைப் பார்த்துத்தான் குடுத்தாங்க. நான் பரீட்சைக்குப் போகலை, பேரை வாபஸ் வாங்கிட்டேன். அடுத்த செமஸ்டர் மொத்தமும் விடுப்பு எடுத்தேன். குழந்தை வளர்க்கன்னு இங்க பல்கலைக்கழகத்துல விடுப்பு செமஸ்டர் கேக்கலாம். விசா நீட்டிக்கற ஆபீஸ்ல மட்டும் முன்னாடியே சொல்லி எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க, நான் அதுக்கு மூணு தடவை அலைஞ்சேன்.

ஊருக்குச் சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. அம்மா, "ஏஞ்சாமி, நாங்கெல்லாம் புள்ள பெக்கலையா? இதுக்குப் போயி படிப்ப நிறுத்துவாங்களா?"ன்னு ஆரம்பிச்சாங்க. பேசிட்டே இருக்கறப்ப அப்பா போனைப் பிடுங்கினார். எங்கப்பா போன்ல மொத்தமே ரெண்டு நிமிஷ ஆசாமி. சாப்டியா, மழையா, வெச்சுடறேன். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போறது காலடிச் சத்தத்துல தெரிஞ்சுது. "நீ பொறந்தப்ப உங்கம்மாளும் இப்படித்தான் கெடந்தா. மூணு மாசம். உன்னயத் தொடவே மாட்டா. காத்துக் கருப்புன்னு சொல்லி மந்திரிச்சுட்டு வந்தோம். எனக்கு ஒண்ணுந் தெரியலீடா அப்ப. நீ கூட இரு"ன்னார். இருவத்தேழு வருஷத்துல இதை யாரும் என்கிட்ட சொன்னதில்லை. அம்மா கிட்ட இன்னும் நான் இதைப் பத்திக் கேட்கலை. கேட்கணுமான்னும் தெரியலை.

அதுக்கப்புறம்தான் நான் நிஜமா அப்பா வேலை பார்க்க ஆரம்பிச்சேன்னு சொல்லணும். ராத்திரியை ரெண்டா வெட்டினோம். ஒன்பதுலேர்ந்து ரெண்டு வரைக்கும் அவ தூக்கம், காதுல பஞ்சு, அடுத்த ரூம், எது நடந்தாலும் எழுப்பறதில்லை. அந்த நேரம் முழுக்க நான். ரெண்டுலேர்ந்து ஏழு என் தூக்கம். ஒரு பாட்டில் ஏற்கனவே எடுத்து வெச்ச தாய்ப்பால், பத்தலைன்னா பவுடர் பால். தொடர்ந்து அஞ்சு மணி நேரத் தூக்கம் என்ன பண்ணும்ங்கறதை நான் கண்ணால பார்த்தேன். மார்ச் மாசம் ஒரு நாள் காலையில, இளவரசி என் சட்டையெல்லாம் பாலைக் கக்கி வெச்சதைப் பார்த்து தங்கமணி சிரிச்சா. என்னைப் பார்த்து, நக்கலா, பழைய மாதிரி. அந்தச் சட்டையை நான் ரெண்டு நாள் துவைக்கலை. (ஓவரா இருக்கோ? இருக்கட்டும்.)

மத்ததெல்லாம் வேகமா ஓடிச்சு. குழந்தைப் பணம் பத்தி ஒண்ணு: 2025-ல மாசம் 255 யூரோ. மாணவர் விசாவுல இருந்தா சும்மா தரமாட்டாங்க, ஆனா முறைப்படி பகுதி நேர வேலை பார்த்தா கேக்கலாம். நான் ஆய்வுக்கூடத்துல வேலை பார்க்கறது கணக்குல வரும்னே தெரியாம இருந்தேன். விண்ணப்பிச்ச மாசத்துலேர்ந்து ஆறு மாசம் பின்னாடி வரைக்கும்தான் கிடைக்கும். நான் ஜூலையில போட்டேன். முதல் ரெண்டு மாசம் அம்போ. அப்புறம், இந்தியத் தூதரகத்துல குழந்தை பொறந்ததை ஒரு வருஷத்துக்குள்ள பதிஞ்சுடணும், தள்ளிப் போடாதீங்க.

சாப்பாடு ஆரம்பிக்கறப்ப இங்க எல்லாரும் கேரட்லதான் தொடங்குவாங்க. அப்புறம் இரும்புச் சத்துக்குன்னு கறி சேர்த்து மசிப்பாங்க. நாங்க சைவம். கறி இல்லைன்னா ஓட்ஸ் இல்லாட்டி ஹிர்ஸேன்னு டாக்டர் சொன்னாங்க. கடையில போய் பார்த்தா ஹிர்ஸே நம்ம பனிவரகு! அதோட கொஞ்சம் ஆரஞ்சு ஜூஸ் விட்டா இரும்பு நல்லாச் சேருமாம். உப்பு, சர்க்கரை கிடையாது. இளவரசி கேரட்டைத் துப்பினா, பருப்பு சாதத்தைப் பார்த்து பறந்தா. ஈரோட்டு ரத்தம்.

செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி 39.8 காய்ச்சல். இந்த ஊர்ல ராத்திரியில டாக்டர் வேணும்னா 116117, உயிர் போற அவசரம்னா 112. கூப்பிட்டேன். பதட்டத்துல நான் உளற, அந்தப் பக்கம் பொறுமையாக் கேட்டாங்க: குடிக்கறாளா, டயபர் நனையுதா, கழுத்து விறைப்பா இருக்கா, கூப்பிட்டா பாக்கறாளா. மூணு மாசத்துக்கு உள்ள இருந்தா 38-லயே ஓடணும், இவளுக்குப் பத்து மாசம், நல்லாக் குடிக்கறா, மாத்திரை வெச்சுட்டு காலையில வாங்கன்னாங்க. மாத்திரைன்னா வாய்ல போடற மாத்திரை இல்லைங்க. பின்பக்கமா வைக்கறது. அவ்வ்வ்வ். இன்ஜினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம், ரெண்டு தடவை வழுக்கிக் கீழ விழுந்துச்சு. தங்கமணிதான் என் கையிலேர்ந்து வாங்கி, ஒரே நொடியில வேலையை முடிச்சுட்டு, "தள்ளு மாமா, நான் பார்த்துக்கறேன்"னா. மூணு நாள் கழிச்சு காய்ச்சல் விட்டு உடம்பெல்லாம் செந்தடிப்பு. அதுக்கு இங்க பேரே மூணு நாள் காய்ச்சல்தான், தானா போயிடுச்சு. மூணு ராத்திரியும் அவதான் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் இடையில எழுந்து வந்து வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போவேன்.

மெஷின் டைனமிக்ஸ் மறுபடி வர்ற பிப்ரவரியில. மாத்திரையை டாக்டர் மெல்லக் குறைச்சுக்கிட்டு வர்றாங்க. ஹெபாமெ அம்மா பிறந்தநாளுக்கு வந்திருந்தாங்க, அதே சைக்கிள்ல. அன்னிக்குக் காலையிலதான் தேன் பாட்டிலை மேல் அலமாரியிலேர்ந்து இறக்கினோம். அத்தை வீடியோவுல பார்க்க, தங்கமணி விரல் நுனியில தொட்டு இளவரசி நாக்குல வெச்சா. மூஞ்சியைச் சுளிச்சுத் துப்பிட்டா.

உள்ள சத்தம் கேக்குது. என் ஷிஃப்ட். வரேன்.

பி.கு: நான் சொன்ன 116117 ஜெர்மனிக்கு. நீங்க இருக்கற ஊர் நம்பரை இப்பவே எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடினா கண்ணு தெரியாது.